இந்தக் கல் எந்தப் பக்கம், டீச்சர்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் நடந்த ஒன்றைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டபோது, நன்றாக நடந்த ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது நான் தப்பாகப் பதில் சொன்ன ஒரு வகுப்பு. அதையே சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பு. கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்று உயிருள்ளவை, இன்னொன்று உயிரற்றவை. நாம் எல்லோரும் போடுவதுதான். ஆடு, வேப்பமரம், கோழி எல்லாம் இந்தப் பக்கம். நாற்காலி, செருப்பு, கல் எல்லாம் அந்தப் பக்கம். கல் என்று எழுதும்போது ஒரு குழந்தைக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அதே வாரம் ஹைடெக் லேபில் பூமியின் வரலாறு பற்றிய படங்களைப் போட்டுக் காட்டினேன். ஒரு படத்தில், தெளிந்த தண்ணீருக்குள் குட்டையான தூண்கள் போலவும் காலிஃபிளவர் போலவும் பாறைகள். கீழே ஸ்ட்ரோமட்டோலைட் என்று எழுதியிருந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "இந்தக் கல் எந்தப் பக்கம், டீச்சர்? உயிருள்ளதா, உயிரற்றதா? இது வளருதுன்னு போட்டிருக்கே?"

மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. "அது பாறைதான்மா, உயிரற்றது. உட்காரு" என்று சொல்லிவிட்டேன்.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிந்தது. மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, "நேத்து நான் சொன்னது தப்பு" என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு அதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, உங்களுக்கே தெரியும். அதன்பின் அந்தக் கல் எங்கள் வகுப்பில் மூன்று வாரம் இருந்தது.

ஸ்ட்ரோமட்டோலைட் என்றால் கிரேக்க மொழியில் அடுக்குக் கல் என்று பொருள் சொல்லலாம். அந்தப் பெயரை 1908இல் வைத்தவர் ஜெர்மானிய நிலவியலாளர் எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி. அவர் பார்த்தவை பழைய, புதைபடிவக் கற்கள். உயிரோடு இருக்கும் ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், ஷார்க் பே என்ற இடத்தில் இருப்பது 1950களில்தான் அறிவியல் உலகத்தின் கவனத்துக்கு வந்தது. அதுவரை, என்றைக்கோ அழிந்துபோனவை என்றே பலரும் எண்ணியிருந்தார்கள்.

இதைக் கட்டுவது யார்? நீலப்பச்சைப் பாசி என்று நாம் பழக்கத்தில் சொல்லும் சயனோபாக்டீரியாவும், அதோடு சேர்ந்து வாழும் மற்ற நுண்ணுயிரிகளும். பாசி என்று சொன்னாலும் இவை பாக்டீரியாக்களே. வழவழப்பான ஒரு படலமாகப் பாறைமேல் படர்ந்திருக்கும். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் அந்த வழவழப்பில் ஒட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் திண்டாடினேன்.

கடைசியில் விடை சத்துணவுக் கூடத்தில் கிடைத்தது. எங்கள் பள்ளி போர்த் தண்ணீர் கடுமையான உப்புத் தண்ணீர். வெந்நீர் காய்ச்சிக் காய்ச்சி ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகக் காறை பிடித்திருந்தது. சமையலர் அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தேன். எலுமிச்சம்பழத்தை அதன்மேல் பிழிந்தால் நுரைத்துக்கொண்டு குமிழி வந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புப் பாறை எதனால் ஆனதோ அதே பொருள். தண்ணீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடை அடுப்பின் சூடு வெளியேற்றியதும், இனியும் கரைந்திருக்க முடியாமல் சுண்ணாம்பு பாத்திரத்தில் படிந்துவிட்டது.

ஏரிக்குள் அடுப்பு ஏது? அங்கே அந்த வேலையை நுண்ணுயிரி செய்கிறது. ஒளிச்சேர்க்கைக்காகத் தண்ணீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. எடுத்த இடத்தில், அதன் உடம்பைச் சுற்றியே, சுண்ணாம்பு படிகிறது. படிந்தது வெளிச்சத்தை மறைக்கும்போது நுண்ணுயிரி மேலே நகர்ந்து புதிய படலம் போடுகிறது. மறுபடியும் படிவு, மறுபடியும் படலம். நம் பாத்திரத்தில் அடுப்பு செய்ததை அங்கே ஓர் உயிர் தன் சாப்பாட்டு வேலையின்போது செய்துவிடுகிறது. அந்தக் காறையைக் கையில் தடவிப் பார்த்த பிறகு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இதை மறக்கவில்லை.

ஆக, அந்தப் பெண் கேட்டதற்குப் பதில்: மேலே சில மில்லிமீட்டர் உயிர், கீழே அந்த உயிர் விட்டுச் சென்ற கல்.

இவற்றின் வயதையும் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் கிடைத்த புதைபடிவங்கள் ஏறக்குறைய 348 கோடி ஆண்டுகள் பழையவை. பூமிக்கே 454 கோடி வயது. ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம் பிள்ளைகள் ஒரே குரலில் "மரம்!" என்பார்கள். மரங்கள் வந்து நாற்பது கோடி ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன், சயனோபாக்டீரியா வெளியிட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்பு கடலில் கரைந்திருந்த இரும்பு, ஆக்சிஜனோடு சேர்ந்து கீழே படிந்து வரிவரியான இரும்புப் பாறைகளாயிற்று என்பது நிலவியலாளர்கள் தரும் முக்கிய விளக்கம். சேலத்துக்காரர்கள் வந்திருப்பீர்கள், உங்கள் கஞ்சமலையில் இருப்பதும் அந்த வகை வரிப்பாறைதான். புதைபடிவ ஸ்ட்ரோமட்டோலைட்டைப் பார்க்க வேண்டுமானால் உத்தரப் பிரதேசத்தில் சோன்பத்ரா மாவட்டத்தின் சல்கான் பூங்கா இருக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், நம் சமையல் மேடைக்குக் கல் வரும் கடப்பாப் பகுதியிலேயே, வேம்பள்ளி சுண்ணாம்புப் பாறைகளில் இருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் என்றைக்கோ உயிர் போன கற்கள். இன்றும் வளர்ந்துகொண்டிருப்பவற்றைக் காண உலகில் சில இடங்களே உண்டு.

அதில் ஒன்றுதான் நாங்கள் மூன்று வாரம் படித்த பாக்கலார்.

மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில், யுகடான் தீபகற்பத்தில், கின்டானா ரோ மாநிலத்தில் இருக்கிறது. நீளம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அகலம் பெரும்பாலும் ஓரிரண்டு கிலோமீட்டர். ஒரு நீல ரிப்பனைத் தரையில் போட்ட மாதிரி. ஆழத்துக்கு ஆழம் நீல நிறம் மாறுவதால் ஏழு நிறக் காயல் என்று அங்கே சொல்கிறார்கள். காயல் என்றதும் நமக்குப் பழவேற்காடு நினைவுக்கு வரும். உப்பு நினைவுக்கு வரும். பாக்கலாரில் இருப்பது நல்ல தண்ணீர். பெயரில் மட்டும்தான் காயல்.

யுகடான் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. நிலத்தின்மேல் ஆறுகள் மிகக் குறைவு. மழை பெய்தால் பாறை இடுக்குகள் வழியே உள்ளே போய்விடும், நிலத்துக்கடியில்தான் ஓட்டம். பாறைக் கூரை இடிந்து விழுந்த இடங்களில் செனோட்டே என்ற வட்டமான ஆழக் கிணறுகள் உண்டாகியிருக்கின்றன. பாக்கலாரின் கரையிலும் உள்ளேயும் அப்படிச் சில உண்டு. சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் நிலத்தடி நீர் இந்த ஏரிக்குள் ஊறுகிறது. எங்கள் சத்துணவுக் கூடத் தண்ணீர் மாதிரி என்று நான் சொன்னதும் பிள்ளைகளுக்குப் பாக்கலார் பக்கத்து ஊர் ஆகிவிட்டது. சுண்ணாம்பு நிறைந்த தண்ணீர், தெளிந்த தண்ணீர், சத்து குறைந்த தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்ததால் அங்கே கரையோரமாகப் பத்துக் கிலோமீட்டருக்குமேல் ஸ்ட்ரோமட்டோலைட்டும் அதன் உறவுக் கற்களும் நிற்கின்றன. சில மூன்று மீட்டர் உயரம். நன்னீரில் இவ்வளவு பெரிய தொகுதி உலகில் அரிது.

எவ்வளவு வேகமாக வளரும்? இடத்துக்கு இடம் மாறும். ஷார்க் பேயில் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 0.4 என்றே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர் என்றால் ஆண்டுக்கு நான்கு தாள். "உங்க வயசு என்ன?" "பதினொண்ணு டீச்சர்." நாற்பத்து நான்கு தாள். எண்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, அதன் கனத்தை விரலால் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் பிறந்ததிலிருந்து இன்றுவரை இவ்வளவுதான் வளர்ந்திருக்கும். ஒரு மீட்டர் வளர 2,500 ஆண்டு. இந்தக் கணக்கை அவர்களே போட்டார்கள். கணக்கு ஆசிரியர் அடுத்த வகுப்பில் அதையே தசமப் பெருக்கலுக்கு எடுத்துக்கொண்டார்.

ஷார்க் பேயில் ஒரு காட்சி உண்டு. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் கம்பளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கப்பலுக்குப் போன வண்டிகள் அந்தக் கற்களின்மேல் ஏறிப் போயின. சக்கரத் தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டதும் வகுப்பு அமைதியானது.

பாக்கலாரில் வண்டிக்குப் பதில் மனிதக் கால். 2006இல் மெக்சிகோ அரசு அந்த ஊரைச் சிறப்புச் சுற்றுலா ஊர்களின் பட்டியலில் சேர்த்தது. கூட்டம் வரத் தொடங்கியது; இப்போது மாயா ரயிலும் அங்கே நிற்கிறது. பார்ப்பவருக்கு அது கல்தானே, ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். படகு நங்கூரம் உரசுகிறது. கரையில் சதுப்புமரங்களை வெட்டிவிட்டுத் துறை கட்டுகிறார்கள். மேல் தோலில் இருக்கும் உயிர்ப் படலம் நசுங்கினால் அந்த இடத்தில் கட்டுமானம் நின்றுபோகும். ஏறாதே, தொடாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "அப்ப வேலி போட்டா முடிஞ்சுது டீச்சர்" என்றான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பெரியவர்கள் நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். பாதுகாப்பு என்றால் வேலி, பலகை, காவலாள்.

2020 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். கிறிஸ்டோபல் என்ற வெப்பமண்டலப் புயலோடு கொட்டிய மழையில் மேட்டு நிலங்களிலிருந்து வெள்ளம் ஏரிக்குள் இறங்கியது. காடு அழிக்கப்பட்டு வயலாகிப்போன நிலங்களின் மண்ணும் உரமும் அதோடு வந்தன. ஏழு நிறக் காயல் பழுப்பாகிவிட்டது. பல மாதங்களுக்கு நீலம் திரும்பவில்லை. அந்த நேரத்தில் கொரோனாவால் சுற்றுலாவே முடங்கிக் கிடந்தது. ஒரு கால்கூடப் படாமலே அந்தக் கற்களுக்கு ஆபத்து வந்தது.

இதை நான் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியது. மூன்று கண்ணாடிப் பாட்டில் எடுத்தோம். மூன்றிலும் எங்கள் ஊர் ஏரித் தண்ணீர். முதல் பாட்டிலில் எதுவும் போடவில்லை. இரண்டாவதில் ஒரு சிட்டிகை யூரியா, ஒரு சிட்டிகை டி.ஏ.பி. மூன்றாவதில் ஒரு கைப்பிடி வண்டல் மண். தினமும் காலையில் ஒருவர் வந்து கலக்கிவிட வேண்டும். மூன்றுக்குள்ளும் ஒரு வெள்ளைக் கூழாங்கல். ஜன்னலோரம் வைத்துவிட்டு, தினமும் வெளியிலிருந்து பார்த்து, கல் தெரிகிறதா இல்லையா என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

மண் பாட்டிலில் முதல் நாளே கல் தெரியவில்லை. கலக்காமல் விட்ட சனி, ஞாயிறு முடிந்து திங்கள் வந்து பார்த்தால் தண்ணீர் தெளிந்திருக்கிறது, ஆனால் கல்லின்மேல் மண் போர்வை. "இப்ப அந்தப் பாக்டீரியாவுக்கு வெயில் கிடைக்காதுல்ல டீச்சர்" என்று அவர்களே சொன்னார்கள். உரப் பாட்டில் பத்து நாள் ஒன்றும் காட்டவில்லை. அதன்பின் பச்சை ஏறியது. மூன்றாவது வாரம் கல் மறைந்துவிட்டது. சத்து குறைந்த தண்ணீரில் பொறுமையாகப் பிழைக்கத் தெரிந்த உயிர்களை, சத்து கூடியதும் வேகமாகப் பெருகும் பாசிகள் மூடிவிடுகின்றன. உரம் ஒரு சாப்பாடு என்றால் அது எப்படிக் கெடுதல் ஆகும் என்ற கேள்விக்கு அந்தப் பாட்டில்தான் பதில்.

அன்று ஒரு பையன் முகம் வாடியிருந்தது. அப்பா விவசாயி, யூரியா கொண்டுவந்தவனே அவன்தான். "எங்க வயல்லயும் போடுறோம் டீச்சர். அப்ப நாங்கதான் கெடுக்கிறோமா?" ஆசிரியர்களே, இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் பாடம் நடத்தும்போது, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். நான் அவனிடம், "உரம் பயிருக்குப் போனா உங்க அப்பாவுக்கு லாபம், ஏரிக்குப் போனா அவருக்கும் நஷ்டம்தானே. எவ்வளவு போடுறாங்க, மழைக்கு முன்னாடியா பின்னாடியான்னு வீட்டுல கேட்டுட்டு வா" என்றேன். மறுநாள் அளவோடு கேட்டு வந்தான். அதைக் கரும்பலகையில் எழுதினோம். குறை சொல்லவில்லை, எழுதினோம்.

பாக்கலாரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுண்ணாம்பு நிலத்தில் கழிவுநீர்த் தொட்டி கசிந்தால், அதை வடிகட்ட ஆழமான மண் கிடையாது. இடுக்கு வழியே நேராக நிலத்தடி நீருக்குப் போகிறது, அங்கிருந்து ஏரிக்கு. கரையில் கட்டும் ஒவ்வொரு விடுதியும் தன் கழிவை எங்கே விடுகிறது என்பது கற்களைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. வேலிக்குள் கல் இருக்கும். தண்ணீரை எந்த வேலிக்குள் அடைப்பது?

மேற்கு ஆஸ்திரேலியாவில் கிளிஃப்டன் ஏரியிலும் இதேதான். அங்கே இருப்பவை த்ராம்போலைட். அடுக்காக இல்லாமல் கட்டிகட்டியாக வளரும் உறவுக் கல். மரப் பாலம் கட்டி, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போனதால் மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள உயிர்ச் சமூகம் என்று அரசே பட்டியலிட்டிருக்கிறது.

முடிக்கும் முன், நம் தொழில்காரர்கள் கேட்க வேண்டிய ஒன்று. மெக்சிகோவின் வடக்கே, பாலைவனத்தில், குவாட்ரோ சியெனகாஸ் என்ற இடம். நீலக் குளங்கள், அவற்றிலும் ஸ்ட்ரோமட்டோலைட். மாட்டுத் தீவனத்துக்காகக் குதிரைமசால் பயிரிட்டார்கள். பாலைவனத்தில் குதிரைமசால்! நிலத்தடி நீரை உறிஞ்சியும் கால்வாய் வெட்டியும் கொண்டுபோனதில், சுரின்செ என்ற பகுதியின் குளம் வற்றியே போனது. அந்த இடத்தை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த வலேரியா சோசா, மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியலாளர். அவர் ஒரு காரியம் செய்தார். அந்த ஊரின் வேளாண் மேல்நிலைப் பள்ளிக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளுக்கு டி.என்.ஏ. பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுத்தார். குதிரைமசால் பயிரிடும் ஊரின் பிள்ளைகள், தங்கள் ஊர்க் குளத்துப் பாக்டீரியாவைத் தாங்களே ஆராய்ந்தார்கள். எனக்கு இதைப் படித்தபோது, யூரியா கொண்டுவந்த எங்கள் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

எங்கள் ஊர் ஏரியில் ஸ்ட்ரோமட்டோலைட் இல்லை. இருக்கிறது என்று சொல்லி யாரையும் ஆர்வமூட்ட வேண்டாம். பாட்டில் சோதனையை மட்டும் நீங்கள் செய்து பாருங்கள். சில குறிப்புகள்: மூடியை இறுக்க வேண்டாம், துணி கட்டினால் போதும். உரத்தைக் கையால் தொடாமல் கரண்டியில் எடுக்கச் சொல்லுங்கள். உரப் பாட்டில் மூன்றாவது வாரம் நாறும், அப்போது வகுப்புக்கு வெளியே வைத்துவிடுங்கள். பத்து நாள் எதுவும் தெரியாதபோது பிள்ளைகள் ஆர்வம் இழப்பார்கள். அப்போது தாள் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் அந்தத் தண்ணீரைத் திரும்ப ஏரியில் ஊற்ற வேண்டாம், செடிக்கு ஊற்றலாம். இதை எனக்குச் சொன்னதே ஒரு மாணவிதான்.

எந்தப் பக்கம் என்று முதலில் கேட்ட அதே பெண்தான். அவள் நோட்டில் இரண்டு பத்திகளுக்கும் நடுவே இருக்கும் கோட்டின்மேலேயே ஸ்ட்ரோமட்டோலைட் என்று எழுதியிருந்தாள். நான் டிக் போட்டேன்.

சமையலர் அக்கா பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த வாரம் ஏழாம் வகுப்பு பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவரை தருவதாக இல்லை.